பெரினின் இடது கை

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றாலே இரண்டு காதும் சேவல் கொண்டை மாதிரி சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பொய்யே சொல்லத் தெரியாத மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று. முதல் விருந்தில் என் அம்மா சமைத்த முயல் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஜாஸ்தி, கறி வேகல" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவர் இவர். அம்மா சாகும்வரை இவருக்கு முயல் வைக்கவில்லை.

அவர் பெயர் ஆன்செல்ம். ஓவியர். பாரிசில் படித்தார். படித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். அங்கே கற்றுக்கொடுத்தவர்கள் பழைய காலத்து வீரர்களையும் ராஜாக்களையும் வரையச் சொன்னார்களாம். "உடம்புல ஒட்டுத் துணி இல்லாம, தலையில மட்டும் இரும்புத் தொப்பி மாட்டிக்கிட்டு எவன்யா சண்டைக்குப் போவான்? கொசு கடிக்காதா?" என்று கேட்டிருக்கிறார். வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். இவரும் இவரைப் போல நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டு, கண்டதை மட்டும்தான் வரைவோம், காணாததைத் தொட மாட்டோம் என்று ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கேலியாக யதார்த்தவாதிகள் என்று பெயர் வைத்தார்கள். வைத்த பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர்கள் அதையே எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

வாடகைக்கும் விறகுக்கும் வழியில்லாமல் கடைசியில் நான் பிறந்த இந்தக் கோதுமைச் சமவெளிக்கே வந்து சேர்ந்தோம். இங்கே வந்ததும் ஆளுக்குப் புத்துயிர் வந்துவிட்டது. எருக்குழி, வண்ணாரத் துறை, சாவு ஊர்வலம், குடித்துவிட்டுக் கிடப்பவன் என்று எதையும் விடவில்லை. போன வருஷ அறுவடையின்போது பெரிய பண்ணைக்காரர் முசியே குர்தேனின் வயலில் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். கதிர் பொறுக்க வந்த பெண்களைத்தான் வரைந்தார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. அறுவடை முடிந்து கோவில் மணி அடித்ததும், ஊரில் வழியில்லாதவர்கள் வயலுக்குள் இறங்கி உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளலாம். யார் யார் இறங்கலாம் என்று மேயர் பெயர் சொல்லுவார். வெறுங்கை மட்டும்தான், அரிவாள் கூடாது. தரையில் கிடப்பது அவர்களுடையது. கட்டிவைத்த கதிர்க்கட்டில் கை வைத்தால் திருட்டு. ஆனால் கடைசி வண்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடுவார்கள். கட்டுகள் இன்னும் வயலிலேயே நிற்கும். பிள்ளை குட்டி வைத்திருக்கிறவள் குனிந்தபடியே ஒரு பிடியை உருவி மடியில் போட்டுக்கொள்ளுவாள். வயல் காவல்காரர் பஸ்தியேன் சரியாக அந்த நேரம் பார்த்துப் புகைக்குழாயைப் பற்றவைக்கத் திரும்பிக்கொள்ளுவார். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

இவர் திரும்பிக்கொள்ளவில்லை. உருவின கையைத் தாளில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்தக் கை பெரினுடையது. அவளுடைய புருஷன் கல் வண்டிக்கு அடியில் மாட்டிச் செத்துப்போனான். இரண்டு பெண் குழந்தைகள். நானும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். குளிர் காலம் வந்ததும் பெரிய படத்துக்கு ஆள் வேண்டும் என்று இவர் சொன்னபோது, நான்தான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"என்னையவா? எம் மூஞ்சியவா? பாரிஸ்ல இருக்கறவனுக்குப் பால் பொங்குற மாதிரி வாந்தி வருமே அக்கா!" என்று சிரித்தாள்.

"மூஞ்சி எங்கடி தெரியப் போகுது? குனிஞ்சுதான் நிக்கப் போறே. அடுப்புப் பக்கத்துல நில்லு. போறப்போ பாத்திரம் நிறைய சூப்பு எடுத்துட்டுப் போ. பிள்ளைங்களுக்கு ஆகும்."

வந்தாள். குனிந்தாள். மணிக்கணக்கில் குனிந்தாள். "வயல்ல குனிஞ்சா கோதுமை, இங்க குனிஞ்சா முட்டைக்கோஸ் சூப்பு. முதுகு என்னமோ ஒண்ணுதான்" என்பாள். ஒரு நாள் இவர் தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, "இடது கையப் பின்னால கொண்டு போ பெரின். இன்னும் கொஞ்சம். விரலை மடக்கு" என்றார்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்கு ஐயா?"

"அன்னிக்கு அப்படித்தானே வெச்சிருந்தே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய் விரலை மடக்கினாள். அன்றைக்கு அவள் போனதும் இவரிடம் கேட்டேன்.

"ஏங்க, அந்தக் கை வேணுமா? அது திருட்டுல்ல?"

"ஆமா. பசி வந்தா கை அங்கதான் போகும். அதை விட்டுட்டு மத்ததை வரைஞ்சா, மத்ததும் பொய்தான் கிளோ" என்று என் பெயரைச் சொல்லி அழுத்தினார்.

"அவ பேரு கெட்டுப்போயிடுங்க."

"பாரிஸ்ல எவனுக்குடி பெரினத் தெரியும்?"

அதுவும் சரிதானே என்று நினைத்தேன். படம் பாரிசின் பெரிய கண்காட்சிக்குத்தான் போவதாக இருந்தது. போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ராணிகளை வரைய வேண்டிய அளவில் பிச்சைக்காரிகளை வரைந்திருக்கிறார், கால் நகத்தில் அழுக்கு இருக்கிறது என்று நடுவர்கள் சொன்னார்களாம். இவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்போதுதான் பக்கத்துப் பட்டணத்து வேளாண் சங்கத்திலிருந்து ஆள் வந்தார். கோடைக் கண்காட்சியில் கொஞ்சம் படங்களும் மாட்டப்போகிறோம், தருவீர்களா என்று கேட்டார்.

"தர்றேன்! பாரிஸ்காரன் பாக்காட்டி போறான். கோதுமை விளைவிக்கிறவன் பாக்கட்டும்!" என்று குதித்தார் இவர். இருந்த கோபத்தில் அந்தக் கை நினைவிலேயே இல்லை. எனக்கும் இல்லை. அவருடைய சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். என் புருஷனுடைய படத்தை ஊர் பார்க்கப்போகிறது என்ற பூரிப்பு எனக்கு. கண் அவிந்துபோகிற பூரிப்பு.

பரிசு வாங்கிய பூசணிக்காய்களுக்கும் செம்மறிக் கிடாய்களுக்கும் நடுவில் சுவரில் மாட்டியிருந்தார்கள். படம் ஒரு கொட்டகைக் கதவு அகலம் இருக்கும். பட்டணத்துக் கனவான்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய படத்துல இவ்வளவு அழுக்குக் காலா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவர் மூலையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது முசியே குர்தேன் வந்தார். அவருடைய கிடாய்க்கு முதல் பரிசு, நீல ரிப்பன் கையில் தொங்குகிறது. படத்தின் முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேய்! இது எம் பேரி மரம்டா! இடி விழுந்து ஒடிஞ்ச கிளைய அப்படியே போட்டிருக்கான் பாரு!" என்று பண்ணையாட்களைக் கூப்பிட்டார். "இங்க பாரு, கட்டைப் பாரு. ரெண்டு முறுக்கு, நுனிய உள்ள சொருகி. நம்ம வீட்டு முடிச்சு! வேற எவன் இப்படிக் கட்டுறான்?"

என் வீட்டுக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாரிசில் எந்த மேதாவியும் அந்த முடிச்சைப் பார்க்கவில்லை. அந்த முடிச்சுக்காக மூன்று நாள் உட்கார்ந்தவர் இவர்.

குர்தேன் படத்துக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி கிட்டே போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, தேன் வழிகிற குரலில் கேட்டார்.

"ஓவியரே, பிரமாதம். அப்படியே அச்சு. இது நம்ம பெரின்தானே?"

"அவளேதான்!"

"போன அறுவடையில நீங்க நேர்ல பாத்ததா?"

"நேர்ல பாக்காத ஒரு வைக்கோல்கூட இதுல கிடையாது முசியே" என்றார் என் மனுஷன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

சொல்லி முடித்த பிறகுதான் குர்தேனின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பெரினின் இடது கையில் இருந்தது.

அடுத்த வாரமே மேயர் பெரினின் பெயரை எடுத்துவிட்டார். இந்த அறுவடைக்கு அவள் வயலில் இறங்கக் கூடாது. அதோடு விட்டாரா குர்தேன்? திருட்டு வழக்கும் போட்டார். தண்டனை ஆனால் அவளுக்குச் சிறை, பிள்ளைகளுக்கு அனாதை விடுதி. ஆகாவிட்டால் பெயர் திரும்ப வரும், குளிர் காலத்து ரொட்டிக்கு மாவு கிடைக்கும். அவ்வளவும் ஒரு கையில் தொங்கியது. அதுவும் வரைந்த கையில்.

பெரின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சூப்புப் பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். படியில் வைத்தாள்.

"உங்க பாத்திரம் அக்கா. ரொம்ப நாளா எங்கிட்டயே இருந்துடுச்சு."

"பெரின், உள்ள வாடி."

"வேணாம் அக்கா" என்று போய்விட்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தூங்கியிருப்போம். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர், அந்தப் பாத்திரத்தை எடுத்து வைக்கக்கூடத் தொடவில்லை. நான்தான் எடுத்தேன். என் கையும் கூசியது.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. குர்தேனிடம் போய்க் கெஞ்சினார். திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"ஒரு பிடி கதிருதானே, விட்டுடுங்கன்னேன். 'ஒரு பிடின்னு யாரு சொன்னா? உங்க படத்துல மடி உப்பலா இருக்கே!'ங்கறான்." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "மடியையும் நான்தானேடி வரைஞ்சேன். அதுல கனம் தெரியணும்னு ரெண்டு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். நான் பாவி கிளோ."

"பாவிதான். நானும்தான், அவள கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவ நானு. சரி, அழுதது போதும். நீதிபதிகிட்ட போங்க. அந்தக் கைய நான் பாக்கல, சும்மா கற்பனையா போட்டேன்னு சொல்லுங்க."

பாம்பை மிதித்தவர் போல நிமிர்ந்தார். "கற்பனையா? நானா? ஊரு உலகத்துக்கு முன்னால நான் அடிச்சுச் சொன்னது, கண்டதத்தான் வரைவேன்ங்கறது ஒண்ணுதான். அதையும் பொய்னு சொல்லிட்டா, அப்புறம் நான் வரைஞ்சது எதை எவன் நம்புவான்?"

"நம்பாட்டி போகட்டுமே! உங்க நிஜம் செவத்துல தொங்குது. அவ பிள்ளைங்க எங்க தொங்கும்?"

நான் விறகை எடுத்து அடுப்பில் போட்ட வேகத்தில் சாம்பல் எல்லாம் பறந்தது. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதில் பாதி என் மேல் வந்த ஆத்திரம்.

விசாரணை நாளன்று குர்தேன் கண்காட்சியிலிருந்து படத்தையே வைக்கோல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தெருவெல்லாம் கூட்டம். சந்தைக் கட்டடத்து மாடி அறையில் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பெரின் அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் வீட்டில் இருந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியும் உடைந்தது. தலையிலிருந்து கால்வரை தன்னை முழுதாக அவள் பார்த்ததே இல்லை. குற்றவாளி இடத்தில் நின்றுகொண்டு, வாயைத் திறந்தபடி தன்னையே பார்த்தாள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வயதானவர், மூட்டு வலிக்காரர். காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தார்.

"ஓவியரே, கண்காட்சியில எல்லாரும் கேக்க, நேர்ல பாக்காத ஒரு வைக்கோல்கூட இதுல கிடையாதுன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன் ஐயா."

"அப்ப இந்தக் கைய நேர்ல பாத்தீங்களா?"

இவர் படத்தைப் பார்த்தார். நான் என் விரல்களைக் கோத்து நெரித்துக்கொண்டேன். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். பெரின் அவரைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஐயா" என்றார். "பாக்கல."

குர்தேன் துள்ளி எழுந்தார். "என்னங்கய்யா கதை இது? மரம் நிஜம், முடிச்சு நிஜம், கால் அழுக்கு நிஜம். கை மட்டும் பொய்யா?"

"அந்த இடம் வெறுமையா இருந்துச்சு. படம் ஒரு பக்கமா சாயுற மாதிரி தெரிஞ்சுது. ஒரு கை இருந்தா எடுப்பா இருக்கும்னு போட்டேன்." படத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். "அழகுக்காக."

அறை முழுக்கச் சிரித்தது. பாரிசுச் செய்தித்தாளுக்கு எழுதும் பட்டணத்து ஆள் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரின் காது இரண்டும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகச் சிவந்து நின்றன. இந்த ஊரில் அந்தக் காதைப் பற்றித் தெரியாதவர் யார்? நான்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

நீதிபதியும் அந்தக் காதைத்தான் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு குனிந்து, முக்காலியில் இருந்த காலை மெதுவாக எடுத்து வேறு பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

"ஓவியர் காணாததை வரைந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். "ஒரு ஏழைப் பெண்ணின் பெயரைக் கெடுத்ததற்காக இந்த மன்றம் அவரைக் கண்டிக்கிறது. அந்தக் கை இங்கேயே, இப்போதே திருத்தப்பட வேண்டும். பெரினின் பெயர் பழையபடி சேர்க்கப்பட வேண்டும்."

சாயப் பெட்டியைக் கொண்டுவர நான் ஓடினேன். எல்லோரும் பார்க்க, அவர் முழங்காலில் உட்கார்ந்து அந்தக் கையை அழித்தார். எண்ணெய் நாற்றம் அறையெங்கும் அடித்தது. மணிக்கட்டு போயிற்று, விரல் போயிற்று. அந்த இடத்தில் முழங்காலில் ஊன்றிய ஒரு கையை வரைந்தார். எவளுடைய கையாகவும் இருக்கக்கூடிய கை. மரக்கட்டை மாதிரி இருந்தது. கடைக்காரர் பலகையில் வரைகிறவன்கூட இதைவிட நன்றாக வரைவான்.

கீழே தெருவில் அவர் பெரினிடம் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடு பெரின்."

"என் பிள்ளைங்களுக்காகப் பொய் சொன்னீங்க ஐயா. அதை மறக்க மாட்டேன். அவ்வளவு பேரு சிரிச்சாங்க, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." அவள் மரச்செருப்பின் நுனியால் மண்ணைக் கீறினாள். "படம் நல்லா இருந்துச்சு. அந்தக் கை அப்படியே எங் கைதான். நீங்க பாத்ததும் தப்புன்னு சொல்ல மாட்டேன். பஸ்தியேனும்தான் வருஷா வருஷம் பாக்குறாரு. அவரு திரும்பிக்குவாரு. நீங்க திரும்பல."

அவர் தொப்பியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான், "பிள்ளைங்கள அனுப்புடி, சூப்பு வெச்சிருக்கேன்" என்றேன். பார்க்கலாம் அக்கா என்றாள். பிள்ளைகள் வரவில்லை.

பாரிசுப் பத்திரிகையில் கேலிப் படம் வந்தது. மூன்று கை முளைத்த பெண்ணின் எதிரே ஒரு ஓவியர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பழைய கூட்டாளிகள் கடிதம் போடுவதை நிறுத்தினார்கள். அதற்கெல்லாம் இவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தூரிகையைத் தொடவில்லை.

ஆகஸ்டில் அறுவடை வந்தது. கடைசி வண்டி நிற்கும்போதே மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பல வாரத்துக்கு அப்புறம் அவர் எழுந்து தாள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரொட்டித் துண்டையும் பாலாடைக்கட்டியையும் மடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். பேரி மரத்துக்கு எதிரே வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கரித்துண்டை எடுத்தார்.

பெண்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தவள் பெரின். "ஏ, ஓவியர் ஐயா வந்துட்டாருடி!" என்றாள். அதில் கோபமோ குத்தலோ இல்லை. மழை வருது, துணியை எடுங்க என்று சொல்லுகிற குரல்தான்.

ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் நிமிர்ந்தார்கள். எங்களைப் பார்த்துத் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்கள். பெரினின் சின்னப் பெண்கூட, அக்காளைப் பார்த்துக்கொண்டே பிஞ்சுக் கையை விரித்தது. கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற பஸ்தியேன் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

இவர் காத்திருந்தார். அவர்களும் காத்திருந்தார்கள். மணி அடித்தாகிவிட்டது, பொழுது சாய்ந்தால் வயலை விட்டு ஏற வேண்டும், ஆனாலும் ஒருத்தியும் குனியவில்லை.

"வாங்க போகலாம்" என்று நான் அவர் தோளைத் தொட்டேன். "நாம இருக்கறவரைக்கும் அவங்க பொறுக்க மாட்டாங்க. பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க."

வெள்ளைத் தாளை உருட்டிக்கொண்டு எழுந்தார். வேலி தாண்டி நாலடி போனதும் பின்னால் திரும்பிப் பார்க்கப் போனவர், பாதியில் கழுத்தை இழுத்துக்கொண்டார். பின்பக்கம் பெண்கள் பேச்சும் சிரிப்பும் மறுபடி தொடங்கியிருந்தது. முதுகை வளைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சூப்பு வைத்தேன். நினைப்பெல்லாம் வயலிலேயே இருந்ததால் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல. ஒரு வாய் வைத்ததும் எனக்கே நாக்கு எரிந்தது. அவர் தலையைத் தூக்காமல் கரண்டி கரண்டியாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு கிளோ" என்றார்.

விளக்கைக் கிட்டே நகர்த்தி அவர் காதைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை.